கண்ணாடி இழையும் கல்விப் பொறுமையும்

ஒரு சமுதாயம் எத்தனை பட்டதாரிகளைப் பெற்றது என்று கணக்கிடுவது எளிது. பட்டம் பெற்றவர்களுக்கு அது எவ்வளவு காலம் கொடுத்தது, எப்பணிக்காகக் கொடுத்தது என்று கணக்கிடுவோர் சிலரே. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாள்களில், கிழக்கிலங்கையில் மருதமுனை தொடங்கிப் பொத்துவில் வரையுள்ள நம் கரையோர ஊர்கள் விழாக்கோலம் பூணுகின்றன. பொறியியற் பீடத்துக்குத் தெரிவான பிள்ளையின் படம் வீதியோரப் பதாகையில் ஏறுகின்றது. பள்ளிவாசல் தலைவரும் பாடசாலை அதிபரும் வாழ்த்துரை வழங்குகின்றனர். அம்மகிழ்ச்சி நியாயமானது, அதனைக் குறைத்துப் பேச நாம் முற்படவில்லை. ஆயினும் அப்பதாகை இறக்கப்பட்ட பின்னர் அந்தப் பிள்ளையின் அறிவுக்கு நாம் வகுத்த வழி யாது என்னும் வினா ஆண்டுதோறும் விடையின்றியே நிற்கின்றது.

இவ்வினாவை எழுப்புவதற்கு ஒளியிழைத் துறையின் வரலாற்றைவிடத் தகுந்த சான்று வேறில்லை. தோஹாவிலோ ஜித்தாவிலோ உழைக்கும் தந்தை நிந்தவூரில் இருக்கும் தன் மகளோடு பேசும் சொல் ஒவ்வொன்றும் பயணத்தின் பெரும்பகுதியைக் கடலுக்கடியில் கிடக்கும் கண்ணாடி இழையின் வழியாகவே கடக்கின்றது. கண்டங்களுக்கிடையே செல்லும் தரவுகளில் மிகப் பெரும் பங்கைச் சுமப்பவை செயற்கைக்கோள்கள் என்று எண்ணுவோர் இன்றும் உளர். உண்மையில் அச்சுமையைத் தாங்குபவை கடலடி ஒளியிழை வடங்களே. கொழும்பிலும் மாத்தறையிலும் அவை நம் நாட்டில் கரையேறுகின்றன. 2006 ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்கும் கல்கிசைக்கும் இடையிலும் அத்தகைய வடம் ஒன்று அமைக்கப்பட்டது. நம் குடும்பங்களின் பாசமும் வணிகமும் பணவரவும் இன்று இந்த இழையையே பற்றி நிற்கின்றன.

அந்த இழையின் முழுவிட்டம் ஒரு மில்லிமீற்றரின் எட்டில் ஒரு பங்கு. தொலைதூரத்துக்கு ஒளியை ஏந்திச் செல்லும் அகணியோ அதனினும் மிகச் சிறிது. ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அகணியைச் சூழ்ந்துள்ள உறை, முறிவுச்சுட்டி சற்றே குறைந்த கண்ணாடியால் ஆனது. அகணிக்குள் நுழைந்த ஒளி, உறையின் எல்லையைச் சாய்ந்த கோணத்தில் தொடும்போது வெளியேற இயலாமல் முழு அகத்தெறிப்படைந்து உள்ளேயே திரும்புகின்றது. நம் மாணவர் உயர்தர வகுப்பில் பரீட்சைக்காகக் கற்கும் இந்த ஒரு விதியே உலகின் செய்தித் தொடர்பில் பெரும்பகுதிக்கு அடித்தளம்.

இவ்விதிக்குரிய வரலாறு நமக்கு அயலானதும் அன்று. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில், ஏறத்தாழ 984 ஆம் ஆண்டில், பக்தாதில் வாழ்ந்த இப்னு சஹ்ல் ஒளி முறிவின் விதியை வடிவகணித முறையில் வகுத்துவிட்டார். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், 'கிதாப் அல்-மனாழிர்' என்னும் பெருநூலில் ஒளியையும் பார்வையையும் சோதனையின் துணைகொண்டு ஆராய்ந்தார். 2015 ஆம் ஆண்டைச் சர்வதேச ஒளி ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தபோது நினைவுகூரப்பட்ட பணிகளில், இப்னுல் ஹைதமின் ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய ஒளியியலும், அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன் சார்ள்ஸ் காவோ தொடங்கிய ஒளியிழை ஆய்வும் ஒருங்கே இடம்பெற்றன. முன்னதன் பெருமையை நாம் மேடைகளில் அடிக்கடி பேசுகின்றோம். பின்னதற்குள் நம்மவர் நுழைவதற்கு என்ன செய்தோம் என்பதைப் பேசுவதில்லை.

இத்துறையின் தொடக்கத்தில் நம் துணைக்கண்டத்தவர் ஒருவர் நிற்கின்றார். பஞ்சாபின் மோகாவில் 1926 இல் பிறந்த நரிந்தர் சிங் கபானி, தேராதூனில் மாணவராயிருந்தபோது, ஒளி நேர்கோட்டில் மட்டுமே செல்லும் என்று ஆசிரியர் கூறக் கேட்டார். அக்கூற்றை உள்ளம் ஏற்க மறுத்ததே தம் ஆய்வின் பிறப்பிடம் என்று அவர் பிற்காலத்தில் நினைவுகூர்வதுண்டு. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹரோல்ட் ஹொப்கின்ஸ் என்னும் இயற்பியலாளருடன் இணைந்து, மெல்லிய கண்ணாடி இழைகளை ஆயிரக்கணக்கில் ஒழுங்குபடக் கட்டி, வளைந்த வழியே ஓர் உருவத்தைக் கடத்திக் காட்டினார். அவ்வாய்வு 1954 சனவரியில் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. அதே இதழில் ஒல்லாந்தைச் சேர்ந்த வான் ஹீல், இழைக்கு உறை தேவை என்னும் கருத்தை வெளியிட்டார். இவ்விரு கருத்துகளும் வளர்ந்த வழியில், வளைந்து செல்லும் ஒளியிழை அகநோக்கிக் கருவி பிறந்தது. உடலைக் கீறாமலே வயிற்றின் உட்புறத்தைக் கண்டறிவது மருத்துவ உலகுக்கு எளிதாயிற்று.

கபானி அமெரிக்காவில் ரொச்செஸ்டரிலும் சிக்காகோவிலும் கற்பித்தும் ஆய்ந்தும் இத்துறையைப் பரப்பினார். 1960 இல் அமெரிக்க அறிவியல் சஞ்சிகை ஒன்றில் அவர் எழுதிய கட்டுரை இத்துறையின் ஆங்கிலப் பெயரை உலகெங்கும் நிலைபெறச் செய்தது. பின்னர் தொழில் முனைவோராகவும் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் விளங்கி, 2020 டிசம்பரில் மறைந்தார். மறுவருடம் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருதளித்தது. நோபல் பரிசு அவரைச் சேரவில்லையே என்ற குறை இந்திய அறிஞரிடையே இன்றும் உண்டு. நம் கருத்துக்குரியது அக்குறையன்று. அவருடைய ஐயத்தைத் தாங்கிக் கொள்ளும் நிறுவனமும் வழிகாட்டும் ஆசிரியரும் அவருக்குக் கிடைத்தனர் என்பதே. தேராதூனின் வகுப்பறைகளில் அத்தகைய ஐயம் வேறு மாணவருக்கும் எழுந்திருக்கக்கூடும். அவர்களுள் யாருக்கும் ஹொப்கின்ஸ் வாய்க்கவில்லை.

ஆயினும் கபானியின் இழைகள் சில முழத் தூரத்துக்கே ஒளியைக் கொண்டுசென்றன. அக்காலத்துச் சிறந்த இழையில் ஒளியிழப்பு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 1000 தெசிபெல். இதனை எளிதாகச் சொல்வதானால், 20 மீற்றர் கடப்பதற்குள் ஒளியின் நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு அழிந்துவிடும். இத்தகைய பொருளைக் கொண்டு ஊர்களை இணைப்பதாவது, கடல்களைக் கடப்பதாவது என்று அத்துறையின் அறிஞர் பலர் அதனைக் கைவிட்டிருந்தனர். அந்நிலையிற்றான் சார்ள்ஸ் காவோ என்னும் இளம் பொறியியலாளர் இதனை எடுத்துக் கொண்டார்.

காவோ 1933 இல் சாங்காயில் பிறந்தவர். போரும் ஆட்சி மாற்றமும் அலைக்கழித்த காலத்தில் அவர் குடும்பம் ஹொங்கொங்கில் குடியேறியது. லண்டன் வூல்விச் பொலிடெக்னிக்கில் மின்பொறியியல் கற்று, இங்கிலாந்தின் ஹார்லோ நகரிலிருந்த ஒரு தொலைத்தொடர்பு ஆய்வுகூடத்தில் பணியேற்றார்; பணிபுரிந்தவாறே 1965 இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் கலாநிதிப் பட்டத்தையும் பெற்றார். கண்ணாடி ஒளியைக் கடத்துமா என்று பிறர் கேட்டனர். ஒளியை விழுங்குவது கண்ணாடியின் இயல்பா, கண்ணாடியில் கலந்துள்ள மாசா என்று காவோ கேட்டார். வினாவைத் திருத்தி அமைத்ததிலேயே அவர் வெற்றியின் பாதி அடங்கியிருந்தது.

1966 இல் ஜோர்ஜ் ஹொக்காம் என்பாருடன் இணைந்து அவர் வெளியிட்ட கட்டுரை அவ்வினாவுக்கு விடை பகர்ந்தது. இரும்பு முதலிய உலோகங்களின் சிறுகலப்பே ஒளியை விழுங்குகின்றது; அம்மாசைப் பத்து இலட்சத்தில் ஒரு பங்களவுக்குக் குறைத்தால், ஒளியிழப்பைக் கிலோமீற்றருக்கு 20 தெசிபெல்லுக்குக் கீழே இறக்கலாம்; அந்நிலையில் ஒரு கிலோமீற்றர் கடந்த பின்னரும் நூற்றில் ஒரு பங்கு ஒளி எஞ்சும்; செய்தி கடத்த அது போதும் என்று கணித்துரைத்தார். அப்போது அவருக்கு வயது 32. அக்கணிப்பை உலகம் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் கண்ணாடி உருவாக்குவோரையும் ஆய்வுகூடங்களையும் நாடு நாடாகத் தேடிச் சென்று வாதாடினார். கட்டுரை எழுதியதோடு கடமை முடிந்தது என்று அவர் அமர்ந்திருந்தால், அக்கட்டுரை நூலகத் தூசியில் பல்லாண்டு கிடந்திருக்கவும் கூடும். தூய சிலிக்காவின் ஒளியிழப்பை மிக நுண்ணிய கருவிகளால் அளந்து, தம் கணிப்பு கற்பனையன்று என்று சான்று காட்டினார். 1970 இல் அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனத்தில் ரொபர்ட் மோரர், டொனால்ட் கெக், பீற்றர் சூல்ட்ஸ் ஆகிய மூவரும் 17 தெசிபெல் அளவே ஒளியிழப்புடைய இழையை உருவாக்கினர். காவோவின் எல்லைக்கோடு தாண்டப்பட்டது.

இன்று பரவலாக வழங்கும் இழையில் ஒளியிழப்பு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 0.2 தெசிபெல் மட்டுமே. முன்னர் 20 மீற்றரில் நிகழ்ந்த அழிவு இப்போது 100 கிலோமீற்றரிலேயே நிகழ்கின்றது; அது கல்முனையிலிருந்து மட்டக்களப்பு நகர் வரையுள்ள தூரத்தின் இரு மடங்குக்கும் மேல். 1988 இல் அத்திலாந்திக் கடலைக் கடந்த முதலாவது ஒளியிழை வடம், ஏககாலத்தில் ஏறத்தாழ 40,000 தொலைபேசி உரையாடல்களைச் சுமந்தது. காவோவின் கட்டுரையிலிருந்து அவ்வடம் வரை கழிந்தவை இருபத்திரண்டு ஆண்டுகள்.

காவோவின் வாழ்வில் நம் சிந்தனைக்கு மிகவும் உரிய பகுதி இனிமேற்றான் வருகின்றது. கோர்னிங் வெற்றி கண்ட அதே 1970 ஆம் ஆண்டில் அவர் ஹொங்கொங் சீனப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியப் பணியேற்று, அங்கே மின்னணுவியல் துறையை நிறுவினார். அப்பல்கலைக்கழகம் 1963 இல் தோன்றியது. அவர் காலடி வைத்தபோது அதற்கு வயது ஏழு. பழம்பெருமையோ செல்வக் குவியலோ அதற்கில்லை. இடையில் அமெரிக்கா சென்று தொழிற்றுறையில் ஆண்டுகள் பல உழைத்தபின், 1987 இல் அதே பல்கலைக்கழகத்தின் உபவேந்தராகத் திரும்பி வந்து 1996 வரை பணியாற்றினார். 1991 இல் அங்குப் பொறியியற் பீடம் எழுந்தது அவருடைய காலத்திலேதான். உலகப் புகழ் பெற்ற ஆய்வாளர் ஒருவர் இளம் பல்கலைக்கழகமொன்றைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டதும், அப்பல்கலைக்கழகம் அவருக்கு இடமளித்ததும் ஒன்றையொன்று வளர்த்தன.

2009 இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தபோது, கட்டுரை வெளிவந்து நாற்பத்து மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன. மறதிநோய் அவர் நினைவைப் பற்றியிருந்தது. ஸ்டொக்ஹோமில் ஆற்ற வேண்டிய பரிசுரையை, தாமும் பொறியியலாளராகிய அவர் துணைவியார் குவென் காவோ ஆற்றினார். 2018 செப்டெம்பரில் காவோ மறைந்தார். உலகத்தார் நினைவில் வைத்திருக்கும் பொருளை உலகுக்களித்தவர், இறுதிக் காலத்தில் அதனைத் தாமே முழுமையாக நினைவுகூர இயலாதிருந்தார். அறிவுப் பணியின் பயனை அப்பணியாளரே நுகர்வார் என்னும் உறுதி எதுவும் இல்லை. சமுதாயமே நுகர்கின்றது. ஆதலால் பொறுத்திருக்கும் கடமையும் சமுதாயத்தினுடையதே.

இவ்வரலாறு பஞ்சாபிலும் சாங்காயிலும் பிறந்தவர்களைப் பற்றியது. நமக்கும் அதற்கும் என்ன உறவு என்று கேட்போருக்குத் தமிழ்நாட்டின் திருச்சிராப்பள்ளியில் பிறந்த ஒருவரை நினைவூட்டுகின்றோம். 1928 பெப்ரவரி 28 ஆம் நாள், கல்கத்தாவில் எளிய கருவிகளின் துணையோடு சர் சி. வி. இராமன் கண்டறிந்த ஒளிச்சிதறல், இன்று ஒளியிழைத் துறையின் இன்றியமையாத கருவிகளுள் ஒன்று. நெடுந்தூர வடங்களில் சோர்ந்த ஒளிக்கு வலுவூட்டும் முறைகளில் ஒன்று இராமன் விளைவால் இயங்குகின்றது. அதனினும் வியப்பானது வேறொன்று. இழைக்குள் ஒளித்துடிப்பொன்றைச் செலுத்தினால், வழிநெடுகிலும் சிதறிய ஒளியில் ஒரு சிறு பகுதி திரும்பி வரும். அதில் அலைநீளம் கூடிய கூறும் குறைந்த கூறும் உண்டு. அவற்றின் வலிமைகளுக்கிடையிலுள்ள விகிதம் சிதறிய இடத்தின் வெப்பநிலையைச் சொல்கின்றது. திரும்பி வர எடுத்த நேரம் அவ்விடம் எவ்வளவு தொலைவிலுள்ளது என்பதைச் சொல்கின்றது. பல கிலோமீற்றர் நீளமுள்ள ஒரே இழை, தன் ஒவ்வோரிடத்திலும் வெப்பமானியாகின்றது. ஐரோப்பிய நாடுகளில் அணைக்கட்டுகளுக்குள் இத்தகைய இழைகளைப் புதைத்து, உட்கசியும் நீர் வெப்பநிலையில் விளைக்கும் மாற்றத்தால் கசிவைக் கண்டறிகின்றனர்.

நம் மாவட்டத்து மக்கள் இதனைப் படித்துவிட்டு மேலே செல்லக்கூடாது. 1949 க்கும் 1951 க்கும் இடையில் இங்கினியாகலையில் கல்லோயாவை மறித்து எழுப்பிய அணைக்கட்டே, நம் கரையோர வயற்கண்டங்களுக்கு நீர் தரும் சேனாநாயக்க சமுத்திரத்தைத் தாங்கி நிற்கின்றது. எழுபது ஆண்டுகளைக் கடந்த அக்கட்டின் நலத்தில் சம்மாந்துறை உழவனின் நெல்லும் அக்கரைப்பற்று உழவனின் நெல்லும் தங்கியுள்ளன. அதன் உட்புறத்தை இடையறாது கண்காணிக்கும் ஆய்வைக் கொழும்போ வெளிநாடோ வந்து செய்ய வேண்டுமென்று நாம் காத்திருப்பது எதற்காக?

கடலை எண்ணினாலோ நெஞ்சம் கனக்கின்றது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் சுமாத்திராவுக்கு அப்பால் நிகழ்ந்த நிலநடுக்கத்துக்கும் நம் கரையை ஆழிப்பேரலை அடைந்ததற்கும் இடையில் ஒன்றரை மணி நேரமளவு இருந்தது. அந்நேரத்தில் ஓர் எச்சரிக்கைச் சொல் வந்திருந்தால், மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் எத்தனையோ தாய்மார் பிள்ளைகளோடு மேற்கு நோக்கி நடந்திருப்பர். இந்துமாக்கடலில் அன்று எச்சரிக்கை ஏற்பாடு இல்லை. இன்றோ, கடலடியில் கிடக்கும் செய்தி வடங்களையே நிலநடுக்க உணரிகளாக்கும் ஆய்வுகள் வளர்ந்து வருகின்றன. 2018 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இழையில் செல்லும் ஒளியில் ஏற்படும் மிக நுண்ணிய அசைவைக் கொண்டு நிலநடுக்கத்தை உணரலாம் என்று காட்டியது. 2021 இல் வெளியான மற்றோர் ஆய்வு, பசிபிக்கில் வழமையான செய்தித் தொடர்பில் ஈடுபட்டிருந்த வடத்திலிருந்தே அதனை நிறைவேற்றியது. இவ்வாய்வுக்கு நம்மைவிட உரிமையுடையோர் யாவர்? பேரலையில் உறவுகளை இழந்த ஊர்களில் பிறந்த பொறியியலாளனுக்கு இவ்வினாக்கள் நூல் வினாக்கள் அல்ல.

அறிவியலும் தமிழும் இம்மண்ணில் கைகோத்த வரலாறும் உண்டு. காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், தமிழ்ப் பேராசிரியராவதற்கு முன் அறிவியல் ஆசிரியராக விளங்கியவர். கொழும்புத் தொழினுட்பக் கல்லூரியில் அறிவியல் கற்றுத் தேர்ந்த அவர், நரம்பதிர்வின் கணக்கைக் கொண்டு மறைந்துபோன யாழின் இலக்கணத்தை மீட்டெடுத்தார். 1947 இல் வெளிவந்த 'யாழ் நூல்' பல்லாண்டு உழைப்பின் விளைவு. அது வெளிவந்த அடுத்த மாதத்தில் அவர் மறைந்தார். கலைச்சொல்லாக்கத்திலும் அவர் கைபட்டது. அத்தகைய மண்ணில், ஒளியிழையைப் பற்றித் தமிழில் தெளிவாக விளக்கும் பாடநூலும் ஆசிரியரும் ஒவ்வோர் ஊர்ப் பாடசாலைக்கும் கிடைக்க வேண்டாவா? கல்முனை ஸாஹிராவிலும் மஹ்மூத் மகளிர் கல்லூரியிலும் கற்கும் பிள்ளைகள் தம் மொழியில் ஒரு வினாவை முழுமையாக எண்ணிப் பார்க்கக் கற்ற பின்னரே, ஆங்கிலத்தில் அதற்கு விடை தேடும் ஆற்றலும் வேரூன்றும்.

கல்விக்கு நிதி திரட்டிய முன்னோரும் நமக்கு உளர். 1942 இல் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராகப் பணியாற்ற வந்த ஏ. எம். ஏ. அஸீஸ், இக்கரையோர மக்களின் கல்வி நிலையைக் கண்டு நெகிழ்ந்தார். விபுலாநந்தரின் நட்பும் அவருக்கு வாய்த்தது. 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி அவர் முயற்சியால் உருவாயிற்று. வறிய மாணவர் பலர் அதன் துணையால் பல்கலைக்கழகப் படியேறினர். அன்றைய தேவை பட்டம். அத்தேவைக்கு அவர் வழி கண்டார். இன்றைய தேவை ஆராய்ச்சி. இதற்கு வழி காண வேண்டியவர்கள் நாம்.

1995 ஒக்டோபரில் பல்கலைக்கழகக் கல்லூரியாகப் பிறந்து, 1996 இல் முழுப் பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகம், போரின் நெருக்கடியில் கல்வியிழந்த மாணவருக்கு அடைக்கலமாக எழுந்தது. எம். எச். எம். அஷ்ரப் அவர்களின் அரசியல் உழைப்பையும் ஒலுவிலில் கட்டடங்கள் எழக் குவைத் நிதியம் நல்கிய உதவியையும் நாம் நன்றியோடு போற்றுகின்றோம். ஆங்கு இன்று பொறியியற் பீடமும் உண்டு. காவோ சேர்ந்தபோது ஹொங்கொங் சீனப் பல்கலைக்கழகத்துக்கு இருந்த வயதை ஒலுவில் பன்மடங்கு கடந்துவிட்டது. கட்டடம் கேட்ட காலம் போயிற்று. அக்கட்டடங்களுக்குள் ஒருவர் ஒரே வினாவோடு பத்தாண்டு அமர்ந்திருக்கும் வாய்ப்பைக் கேட்க வேண்டிய காலம் இது.

வறிய நாட்டுக்கு இத்தகைய ஆய்வு கட்டுபடியாகுமா என்னும் தடையை நாம் அறிவோம். இலங்கை தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் செலவிடுவது ஏறத்தாழ 0.1 வீதம்; தென்கொரியா செலவிடுவது 4 வீதத்துக்கும் மேல். 2022 இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர் விரிவுரையாளர் பலர் நாட்டைவிட்டு நீங்கினர். இவையெல்லாம் உண்மை. எனினும் காவோவின் 1966 கட்டுரை, பெரும்பாலும் கணக்காலும் கவனமான அளவீட்டாலும் ஆனது. டில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் அஜோய் கட்டக், கி. தியாகராஜன் முதலியோர் கொள்கைநிலை ஆய்வையும் கற்பித்தலையும் முதலாகக் கொண்டு தம் ஒளியிழைக் குழுவை வளர்த்தனர்; அவ்விருவரும் எழுதி 1998 இல் வெளிவந்த ஒளியிழைப் பாடநூல் மேலைநாட்டு மாணவர் மேசைகளிலும் இடம்பெற்றது. மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தில் அம்பலவாணபிள்ளை நிர்மலதாஸ் என்னும் தமிழரான பேராசிரியர், ஒளியிழையையும் கம்பியில்லாத் தொடர்பையும் இணைக்கும் ஆய்வில் நெடுங்காலம் உழைத்து வருகின்றார். அறிவுக்குப் பஞ்சம் நம்மிடமில்லை. இழை உருவாக்கும் பெருங்கோபுரம் நமக்கு இப்போது வேண்டியதில்லை. ஆயத்தமான இழையும் ஒளிமூலமும் உணர்கருவியும் கணினியும் கொண்டு உணரித் துறையில் பயனுள்ள ஆய்வைத் தொடங்கலாம்.

பணத்தினும் அரிய தடை நம் பொறுமையின்மை. பொறியியல் கற்ற இளைஞன் ஆராய்ச்சியில் ஈடுபட விரும்பினால், எப்போது உழைக்கத் தொடங்குவாய் என்று வீடு கேட்கின்றது. ஆராய்ச்சியும் உழைப்பே என்று எடுத்துரைப்பார் அங்கு இல்லை. வளைகுடாவின் ஊதியமும் மேலைநாட்டு வதிவிடமும் அவனை அழைக்கின்றன; அவன் செல்வதை நாம் பழிக்க மாட்டோம். தங்குவதற்குத் தகுந்த காரணம் ஒன்றையும் நாம் கொடுக்கவில்லையே! ஓர் இளம் விரிவுரையாளர் கற்பித்தலும் நிருவாகப் பணியும் பரீட்சைத்தாளும் போக எஞ்சிய களைப்பில் ஆய்வு செய்ய வேண்டியுள்ளது. பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் கடினம். கணிதப் பிரிவில் ஒளிரும் மாணவியர், பட்டத்தின் பின் ஆய்வுகூடத்தை அடையுமுன்னரே நின்றுவிடுகின்றனர். ஒலுவில் நம் ஊர்களுக்கு அருகிலிருப்பது அவர்களுக்கு ஒரு பெரும் வாய்ப்பு. அதனைப் பயன்படுத்தும் நெறிமுறை இன்னும் வகுக்கப்படவில்லை.

ஆகவே நாம் சில வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். நம் ஊர்களின் வணிகரும் மருத்துவரும் கடல்கடந்து வாழும் பொறியியலாளரும் ஒன்றிணைந்து, கரையோர ஆராய்ச்சி அறக்கொடை ஒன்றை நிறுவ வேண்டும். ஆண்டுக்கு ஒருவரை மட்டும் தெரிந்தெடுத்து, அவருக்கு ஐந்தாண்டு முழுமையாகக் கொடுக்க வேண்டும். ஆண் பெண் என்னும் வேறுபாடும், தமிழர் முஸ்லிம் சிங்களவர் என்னும் வேறுபாடும் அத்தெரிவில் இருத்தலாகாது. ஆய்வின் தகுதியே அளவுகோலாதல் வேண்டும். முதலாண்டிலேயே பயன் காட்டுமாறு அவரை நெருக்கலாகாது. பல்கலைக்கழகம் அவருடைய கற்பித்தற் சுமையைக் குறைக்க வேண்டும். நீர்ப்பாசனத் திணைக்களம் அணைக்கட்டையும் வாய்க்காலையும் ஆய்வுக்குத் திறந்துவிட வேண்டும். பேராதனை, மொறட்டுவை, கிழக்குப் பல்கலைக்கழகங்களின் அறிஞர் இம்முயற்சிக்குத் துணைநிற்க வேண்டும்.

அறக்கொடையால் அறிவியலை வளர்ப்பது நமக்குப் புதிய வழியன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மராகா நகரின் வானாய்வகம் வக்பு என்னும் அறக்கொடையின் வருவாயால் இயங்கியது. அங்குப் பணியாற்றிய குத்புத்தீன் ஷீராஸியின் மாணவராகிய கமாலுத்தீன் அல்-பாரிஸி, நீர் நிறைத்த கண்ணாடிக் கோளத்துக்குள் ஒளி முறிந்து தெறிக்கும் வழியைத் தொடர்ந்து, வானவில்லின் காரணத்தை விளக்கினார். இப்னுல் ஹைதமின் நூலுக்கு உரை கண்டவரும் அவரே. பள்ளிவாசலுக்கு மினாரா எழுப்ப நம்மவர் வழங்கும் கொடையின் ஒரு சிறு பங்கு, ஓர் ஆய்வாளரின் ஐந்தாண்டுகளுக்குப் போதுமானது. முன்னோர் அவ்விரண்டையும் ஒரே அறத்தின் இரு கூறுகளாகவே கண்டனர்.

இவ்வாறு தெரிவு செய்யப்படுவோருள் சிலர் தோற்பர். அதனையும் நாம் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும். 1966 இல் காவோவின் வாதத்தைக் கேட்டவர்களுக்கு வெற்றி உறுதியாகத் தெரிந்திருக்கவில்லை. தோல்விக்கு இடமளிக்காத சமுதாயத்தில் வெற்றிக்கும் இடம் கிடைப்பதில்லை. கடன் வாங்கிய கருவிகளும் கடன் வாங்கிய அறிவுமே அங்கு எஞ்சும்.

வாசகப் பெருமக்களே, அடுத்த பெறுபேற்று நாளில் உங்கள் ஊரில் பதாகை கட்டும்போது, அதன் செலவுக்கு ஈடான தொகையை ஆராய்ச்சி அறக்கொடைக்கென ஒதுக்குங்கள். பள்ளிவாசல் நிருவாகமும் வர்த்தக சங்கமும் பழைய மாணவர் சங்கமும் இதனை இவ்வாண்டே தத்தம் கூட்டங்களில் தீர்மானமாக நிறைவேற்றட்டும். ஒலுவிலின் உபவேந்தரும் பொறியியற் பீடத்தாரும் அக்கொடையை ஏற்று நடத்தும் விதிமுறையை வகுத்து மக்கள் முன் வைக்கட்டும். கல்விக்கு ஈந்த சமுதாயம் என்னும் பெயரை அஸீஸ் நமக்கு ஈட்டித் தந்தார். ஆராய்ச்சிக்கு ஈந்த சமுதாயம் என்னும் பெயரை நாமே ஈட்டிக்கொள்ள வேண்டும்.